பச்சையில் இருக்கவும்

காலையில் அப்பா தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் தொட்டுத் தலை வாரிக்கொண்டு, மகளுடைய மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து மவுஸை ஆட்டத் தொடங்குவார். அந்த வீட்டில் அதற்கு "டியூட்டிக்குப் போறது" என்று பெயர்.

"எதையும் அமுக்கிடாதீங்கப்பா. தள்ளுங்க, இழுங்க. அவ்வளவுதான்" என்று மகள் முதல் நாளே சொல்லிவிட்டாள். அவரும் தூங்கும் குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல இரண்டு விரலால் தள்ளுவார், இழுப்பார். கண்ணைத் திரையின் ஓரத்தில் இருக்கிற புள்ளியில் வைத்திருப்பார். புள்ளி பச்சையாக இருக்கும்வரை அவர் முகமும் தெளிவாக இருக்கும்.

மகளுக்கு வீட்டில் டிகிரி என்று பெயர். பிறந்தபோது வைத்த பெயர் வேறு. அந்தக் குடும்பத்தில் தாத்தா கைநாட்டு, அப்பா கையெழுத்துப் போடுகிற வரைக்கும், அம்மா பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படிக்கிற வரைக்கும். இவள்தான் பட்டம் வரைக்கும் போனவள். பட்டம் வாங்கிய அன்று கீழ்வீட்டுத் தையல்காரர், "என்னம்மா டிகிரி, இனிமே எங்களையெல்லாம் கண்ணு தெரியுமா?" என்று கிண்டலாகக் கேட்டார். அதுவே நிலைத்துவிட்டது. கண் நன்றாகத்தான் தெரிந்தது. வேலைதான் கண்ணில் படவில்லை. நெடுநாள் அலைந்து, செருப்புத் தேய்ந்து, கடைசியில் கிடைத்தது இந்த வேலை.

வீட்டுச் சாமான் விற்கிற கடைகளுக்கு வருகிற புகார்களைப் படித்து, அந்தக் கடைகளின் சார்பில் பதில் எழுதுகிற கம்பெனி. அதற்கு அலுவலகம் என்று ஒரு கட்டடம் கிடையாது. எல்லோரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். வாடகை மிச்சம், மின்சாரம் மிச்சம், நாற்காலிகூட மிச்சம். இத்தனையும் மிச்சப்பட்ட பிறகு முதலாளிக்கு ஒரே ஒரு கவலைதான் மிஞ்சியது. வீட்டில் இருக்கிறவன் சம்பளத்தை வாங்கிக்கொண்டு தூங்கிவிட்டால்?

அந்தக் கவலைக்கு மருந்தாக ஒரு மென்பொருள் வந்தது. அதற்குத் துணைவன் என்று பெயர் வைத்திருந்தார்கள். கீபோர்டையோ மவுஸையோ தொட்டுக்கொண்டே இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. கொஞ்ச நேரம் கை ஓய்ந்தால் மஞ்சள். இன்னும் ஓய்ந்தால் சிவப்பு. சிவப்பில் போன நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. சிவப்பு சேர்ந்துகொண்டே போனால் வேலையும் கிடையாது. எத்தனை பதில் போனது, அது நல்ல பதிலா, படித்தவர் மனம் ஆறினாரா என்றெல்லாம் துணைவன் கேட்பதில்லை. அவனுக்குக் கை அசைய வேண்டும்.

"துணைவன்னு நல்லாத்தான் பேர் வச்சிருக்காங்க" என்றாள் அம்மா, முதன்முதலாகக் கேட்டபோது. "தான் ஒரு துரும்பை எடுத்துப் போடமாட்டான். அடுத்தவ உக்காந்தா மட்டும் கண்ணு தெரியும்."

"யாரைச் சொல்ற?" என்றார் அப்பா.

"கம்ப்யூட்டரைச் சொன்னேன்."

அம்மா துணி தைக்கிற ஆலையில் வேலை செய்கிறாள். அங்கே கழிவறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும். ஒரு வரிசைக்கு ஒரே டோக்கன். போனவள் வந்தால்தான் அடுத்தவள் எழ முடியும். மகள் படித்து, டோக்கன் இல்லாத ஓர் இடத்துக்குப் போய்விட வேண்டும் என்பதற்காகத்தான் அவள் அத்தனை வருடம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது மகள் பல் தேய்க்கப் போனாலும் பாதி நுரையோடு ஓடிவந்து மவுஸை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டிகிரி கத்தியிருப்பாள்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. டிகிரிக்கு உட்கார்ந்து யோசிக்க வராது. ஒற்றை அறை வீட்டில், இருந்த ஒரே நாற்காலியில் துணி மூட்டை இருக்க, நின்றுகொண்டும் நடந்துகொண்டும் பாத்திரம் தேய்த்துக்கொண்டும் படித்தவள் அவள். வரியை ஒருமுறை கண்ணால் பார்ப்பாள், பிறகு கை வேறு எதையாவது செய்தால்தான் அது மண்டைக்குள் இறங்கும். பரீட்சைக்குப் போனபோதுகூட, எழுதுவதற்கு முன்னால் மேசைக்கு அடியில் காலால் நடந்திருக்கிறாள்.

ஒருமுறை ஒரு பெரியவரின் புகார் வந்தது. ராத்திரியில் ஃப்ரிட்ஜ் சத்தம் போடுகிறது, தூங்க முடியவில்லை என்று. கடையிலிருந்து மெக்கானிக் பல தடவை போய்ப் பார்த்து, கோளாறு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். கம்பெனியில் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு. "தங்கள் பொருள் நல்ல நிலையில் உள்ளது." அதை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஆனால் கடிதத்தின் கடைசியில் அவர் ஒரு வரி எழுதியிருந்தார். மனைவி இருந்தவரை இந்தச் சத்தம் கேட்டதில்லை என்று.

டிகிரி எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். திரும்பி வந்து, ஃப்ரிட்ஜைப் படுக்கையறைச் சுவரிலிருந்து எடுத்து வேறு சுவருக்கு மாற்றிவைக்க இரண்டு ஆட்களை அனுப்பும்படி கடைக்கு எழுதினாள். பெரியவருக்கு, "உங்கள் ஃப்ரிட்ஜை இடம் மாற்ற ஆள் வருகிறார்கள், கட்டணம் இல்லை" என்று மட்டும் எழுதினாள். அவரிடமிருந்து "தூங்கினேன்" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. அவள் பாத்திரம் தேய்த்த நேரம் முழுக்கத் துணைவன் சிவப்பு. அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடித்தார்கள். தயார் பதிலை ஒட்டி ஒட்டித் தள்ளியவர்கள் பச்சையாகவே இருந்தார்கள்.

அவர்களுடைய மேலாளரை எல்லோரும் பச்சை சார் என்றார்கள். தினமும் காலையில் குழுவுக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வரும்: "அனைவரும் பச்சையில் இருக்கவும்." அவர் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை. மார்பிலிருந்து தலைவரைக்கும்தான் அவர் இருந்தார். பின்னால் ஒரு திரைச்சீலை தொங்கும். அவர் டிகிரியைக் கூப்பிட்டு, "பணி நிரந்தரம் பண்ற நேரம் இது. இவ்வளவு சிவப்பு வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா மேல எழுதறது?" என்று கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பாள். களைத்த குரலில் கேட்டார், அதுதான் பயமாக இருந்தது.

அன்றைக்குத்தான் அப்பா சொன்னார். "நீ போய் யோசி. நான் ஆட்டறேன்."

"உங்களுக்கு இதெல்லாம் தெரியாதுப்பா."

"ஆடற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடற மாட்டைப் பாடிக் கறக்கணும். இது ஆட்டச் சொல்ற மாடு. ஆட்டிக் கறந்துட்டுப் போவோம்."

அப்பா பெரிய வணிகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டியவர். ஸ்டூலில் உட்கார்ந்து மாடி எண் கேட்டுப் பொத்தானை அமுக்குகிற வேலை. ஏறுகிறவர்கள் தாங்களே அமுக்கிக்கொள்ளட்டும் என்று ஒருநாள் நிர்வாகம் முடிவு செய்தது, அவரை வீட்டுக்கு அனுப்பியது. அதிலிருந்து அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார், இன்னொருத்தி உட்கார முடியாமல் தவிக்கிறாள். கணக்கு நேராகிவிட்டதுபோலத்தான் இருந்தது.

சில நாளிலேயே அவர் பாடாய்ப் படுத்தத் தொடங்கினார். நாற்காலி உயரம் போதவில்லை என்றார். டியூட்டி நேரத்தில் யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது என்றார். "உள்ளே ஆள் இருக்கு, சத்தம் போடாதே" என்று அம்மாவையே அதட்டினார்.

"உள்ளே எந்த ஆள்? ஒரு எலிதானே இருக்கு" என்றாள் அம்மா.

டிகிரிக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தது. விடுப்புக் கேட்டால் நிரந்தரம் தள்ளிப்போகும் என்று விடுப்புக் கேட்கவில்லை. "அப்பா, மஞ்சளாக விடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரோரம் படுத்தாள், அடித்துப்போட்டதுபோலத் தூங்கிவிட்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா தலையெல்லாம் நூல் பிசிறோடு ஆலையிலிருந்து வந்து பார்த்தால், அப்பா அதே இடத்தில், அதே இரண்டு விரலோடு. தட்டில் போட்டு வைத்திருந்த சோறு காய்ந்து கிடந்தது.

"என்னங்க இது? அவ வேலை நேரம் எப்பவோ முடிஞ்சு போச்சே!"

"மாத்த ஆள் வரலையே" என்றார் அப்பா. லிஃப்ட்டில் அதுதான் சட்டம். அடுத்த ஆள் வந்து தோளைத் தொடும்வரை ஸ்டூலை விட்டு எழக்கூடாது. யாரும் தோளைத் தொடவில்லை, அவரும் எழவில்லை.

அதற்குப் பிறகு அவர் அப்படியே பழகிவிட்டார். டிகிரி பதில் எழுத உட்காரும்போது மட்டும் இடம் விடுவார். அவள் எழுந்தால் உட்காருவார். வேலை நேரம் முடிந்தும், "இன்னும் கொஞ்சம் இருந்துட்டு வரேன், நம்ம பேர்ல நல்லா இருக்கும்" என்பார். அவளும் விட்டுவிட்டாள். உண்மையைச் சொன்னால், அது அவளுக்கு வசதியாக இருந்தது. சிவப்பு இல்லாமல் யோசிக்க முடிந்ததும் பதில்கள் நன்றாக வந்தன. தூக்கமும் வந்தது.

மாதக் கடைசியில் குழுக் கூட்டம். எல்லோரும் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பச்சை சார் மட்டும் மார்புவரை தெரிந்தார். ஒரு படத்தைத் திரையில் போட்டார். ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு கோடு. டிகிரியின் கோடு முழுக்க முழுக்கப் பச்சை.

"இவங்களைப் பாருங்க. ஆரம்பத்துல ரொம்ப மோசமா இருந்தாங்க. இப்போ நம்ம கம்பெனியிலேயே முதல் இடம். வேலை நேரத்தைத் தாண்டியும் உழைக்கறாங்க. மனசு வச்சா முடியும்னு இவங்க காமிச்சுட்டாங்க" என்றார். அடுத்த கூட்டத்தில், சம்பளம் வாங்குகிற நேரத்தை வீணாக்காமல் இருப்பது எப்படி என்று டிகிரி எல்லோருக்கும் பேச வேண்டும். அந்தக் கூட்டத்திலேயே அவளுக்குப் பணி நிரந்தர உத்தரவும் தரப்படும்.

கைதட்டுகிற பொம்மைப் படங்கள் திரையில் வரிசையாகப் பறந்தன. அப்பா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. அவருக்கு லிஃப்ட்டில் ஒருவரும் நன்றிகூடச் சொன்னதில்லை.

இரண்டு நாள் கழித்து ரெட்டைக்காரி போன் செய்தாள். டிகிரி சேர்ந்த வாரமே அந்தக் கம்பெனியில் சேர்ந்தவள் அவள். இரட்டைக் குழந்தைகளின் தாய், இன்னும் பால்குடி மறக்காத குழந்தைகள். புருஷன் பிழைப்புத் தேடிப் போன இடத்திலிருந்து எப்போதாவது பேசுவான், எப்போதும் கடன் கேட்பான். இரண்டு பேரும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் வேலை கற்றுக்கொள்ளத் திணறிய நாட்களில் டிகிரிக்கு வழி சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் கீபோர்டு என்று அவள் எழுதுகிற பதில்களைப் படித்தால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

"என்னடி மகாராணி, நீ தூங்கவே மாட்டியா?"

"ஏன்?"

"பச்சை சார் என்னைக் கூப்பிட்டாரு. ரெண்டு கோடு காமிச்சாரு. ஒண்ணு புல்வெளி மாதிரி. உன்னோடது. இன்னொண்ணு அம்மை போட்ட மூஞ்சி மாதிரி. என்னோடது. 'ரெண்டு பேரும் ஒரே வாரம் சேர்ந்தீங்க. அவங்களால முடியுது, உங்களால ஏன் முடியல?'ன்னாரு."

டிகிரி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"என்ன சொல்றது? அவ இடுப்புல ஒண்ணும் தொங்கல சார், என் மார்புல ரெண்டு தொங்குதுன்னா சொல்ல முடியும்? பெரியவன் விட்டா சின்னவன் பிடிக்கறான். பால் குடுக்கற கைதானே மவுஸ் பிடிக்கற கையும். தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அடுத்த கூட்டம் முடிஞ்சதும் கணக்குத் தீர்த்து அனுப்பறாங்களாம். போறதுக்கு முன்னாடி உன் பேச்சைக் கேட்டுட்டுப் போலாம்னு இருக்கேன்." சிரித்தாள். பின்னால் ஒரு குழந்தை அழுதது, அதைக் கேட்டு இன்னொன்றும் தொடங்கியது. "நிஜமாவே கேக்கறேன்டி. எப்படி முடியுது? ஏதாவது மருந்து சாப்பிடறியா?"

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "பழகிடுச்சு" என்று மட்டும் சொன்னாள். போனை வைத்த பிறகு அந்த வார்த்தை வாயில் கசந்துகொண்டே இருந்தது.

அன்றிலிருந்து அப்பாவை உட்கார வேண்டாம் என்றாள். தன் கோட்டிலும் சிவப்பு விழுந்தால் ரெட்டைக்காரியின் கோடு அவ்வளவு மோசமாகத் தெரியாது என்று நினைத்தாள். சிவப்பு விழுந்தது. பச்சை சாரிடமிருந்து செய்தி வந்தது: "உடம்பு சரியில்லையா? கவலை வேண்டாம், ஓய்வெடுங்கள். உங்கள் பழைய உழைப்பை வைத்துத்தான் எல்லோருக்கும் அளவு நிர்ணயித்திருக்கிறோம்." ஆக, அப்பா ஆட்டியது இப்போது கம்பெனியின் அளவுகோல். இனி யார் வந்தாலும் அந்த லிஃப்ட்காரரோடுதான் போட்டி போட வேண்டும். அவருக்குப் பால் கொடுக்க வேண்டியதில்லை, படிக்க வேண்டியதில்லை, யோசிக்க வேண்டியதில்லை. எழுந்திருக்கவும் தெரியாது.

டிகிரி இந்த விஷயத்தை வீட்டில் சொன்னபோது அம்மா ஆலையிலிருந்து வந்து, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, புடவையில் ஒட்டியிருந்த நூல்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னா உனக்கு வேலை போகும். சொல்லலைன்னா அவளுக்குப் போகும்" என்றார் அப்பா. "யாரோ ஒருத்தருக்குப் போகத்தான் போகுது. அது நீயா இருக்கணும்னு என்ன சட்டம்?"

"அவ பண்ணின தப்பு என்னப்பா?"

"நீ பண்ணின தப்பு என்ன? நீயா அவளைப் போகச் சொன்ன?"

"நாமதான் சொன்னோம். தள்ளித் தள்ளிச் சொன்னோம், இழுத்து இழுத்துச் சொன்னோம்."

அம்மா தலையைத் தூக்காமல் சொன்னாள். "அளவா ஆட்டியிருந்தாகூடப் பரவாயில்ல. உசுரைக் குடுத்து ஆட்டினாரே மனுஷன்!"

அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்தது. "வேலைன்னு ஒண்ணு குடுத்தா ஒழுங்காச் செய்யணும். அரைகுறையா ஆட்டறது எனக்குத் தெரியாது."

"வாழ்க்கையில உருப்படியா ஒரு வேலை செஞ்சீங்க, அது ஒரு பொண்ணு வயித்துல அடிச்சிருக்கு."

"அம்மா, சும்மா இரு" என்றாள் டிகிரி. "நீ சொல்லு, நான் என்ன செய்யட்டும்?"

அம்மா ஒரு நீள நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "நான் எதுவும் சொல்லமாட்டேன். போய்ச் சொல்லுன்னா, நாளைக்கு வேலை இல்லாம உக்காந்துக்கிட்டு என்னைக் கேப்ப. சொல்லாதேன்னாலும், அவ ஞாபகம் வரும்போதெல்லாம் என்னைக் கேப்ப. நான் படிக்காதவ. நீயே பார்த்துக்க."

"படிக்காதவன்னு சொல்லித் தப்பிச்சுக்காதம்மா! நான் படிச்சுட்டேன்னு எல்லாத்தையும் என் தலையில கட்டறீங்க. ரேஷன் விண்ணப்பம் நான், ஆஸ்பத்திரி சீட்டு நான், வீட்டு ஓனர்கிட்டப் பேசறது நான். நல்லது கெட்டதுமா நான்? கொஞ்சமாவது நீங்க சுமங்களேன்!"

அவள் கத்தி முடித்ததும் அவளுக்கே மேலும் கத்தத் தெம்பு இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கூட்டத்துக்கு முதல் நாள் பேச்சை எழுதி வைத்தாள். நல்ல பேச்சு. காலையில் பட்டியல் போட்டு வேலை செய்யுங்கள், போனைத் தள்ளி வையுங்கள், தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வையுங்கள் என்று படித்தவள் எழுதுகிற பேச்சு. அதைப் பேசிவிட்டு உத்தரவை வாங்கிக்கொண்டு வரலாம். ரெட்டைக்காரிக்கு வேறு வேலை தேடித் தரலாம், பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கி அனுப்பலாம். மனிதர்கள் இப்படித்தான் சமாதானம் செய்துகொள்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு அப்பாவின் மேல் கோபம் இல்லை, பச்சை சார் மேல்கூட அவ்வளவு இல்லை. அந்தச் சமாதானம் தன் மனதுக்குள் இத்தனை சுலபமாக வந்து உட்கார்ந்ததுதான் அவளை எரித்தது.

கூட்டம் தொடங்கியது. கேமராவைப் போடச் சொன்னார் பச்சை சார். அவள் மட்டும் போட்டாள். மற்றவர்கள் எல்லோரும் கறுப்புக் கட்டங்களாக, பெயர்களாக, பச்சைப் புள்ளிகளாக இருந்தார்கள். ஒரு கட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் மைக்கை அணைக்க மறந்திருந்தார். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. இன்னொன்றில் ஒரு நாய் குரைத்தது.

"சொல்லுங்கம்மா. எப்படி இந்த உயரத்துக்கு வந்தீங்க?"

அவள் எழுதி வைத்த தாளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கு உக்காந்துக்கிட்டு யோசிக்க வராது சார். நடந்தாத்தான் வரும், இல்லைன்னா பாத்திரம் தேய்ச்சா வரும். அப்படி யோசிச்சா சிவப்பு ஆயிடுது. அதனால நான் யோசிக்கும்போதெல்லாம் எங்கப்பா வந்து மவுஸை ஆட்டினாரு. அந்தப் பச்சை என்னோடது இல்ல. அவரோடது."

பச்சை சார் சிரித்தார். "நல்ல ஜோக். சரி, இப்போ விஷயத்துக்கு வாங்க."

"இதுதான் சார் விஷயம். அப்பா, வாங்க."

வரமாட்டார் என்றுதான் நினைத்தாள். காலையில் அவ்வளவு சொல்லியிருந்தார், உன் தலையில் நீயே மண்ணைப் போட்டுக்கொள்ளாதே என்று. ஆனால் கூப்பிட்ட உடனே வந்தார். மேல் பொத்தான் வரைக்கும் போட்ட சட்டையோடு, திரையைப் பார்த்துக் கை கூப்பினார்.

"வணக்கம் சார். நான்தான் சார். ஒண்ணும் அமுக்கல சார். பாப்பா சொன்னபடிதான் செஞ்சேன்."

குழாய்ச் சத்தம் நின்றது. அத்தனை கட்டங்களிலும் புள்ளி பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. எத்தனை கட்டங்களுக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தாரோ, எத்தனைக்குப் பின்னால் ஒரு தம்பியோ பாட்டனோ மின்விசிறியில் கட்டிய கயிறோ, யாருக்குத் தெரியும்.

பச்சை சாரின் குரல் மாறிவிட்டது. யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல இருந்தது. "நிறுவனத்தின் தகவல்களை வெளியாள் ஒருத்தர் கண்ணுல படும்படி வச்சிருக்கீங்க. இது எவ்வளவு பெரிய குற்றம்னு தெரியுமா?"

"அவருக்கு அதைப் படிக்கவே தெரியாது சார்."

"அது இன்னும் மோசம்" என்றார். எப்படி மோசம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"என்னைப் பத்தி நீங்க என்ன வேணா முடிவு பண்ணுங்க சார். அந்தக் கோட்டை வச்சு மட்டும் வேற யாரையும் அளக்காதீங்க. வேலையை விட்டு எழுந்திருக்கவே தெரியாத ஒரு மனுஷனோட கோடு அது. யாராலயும் முடியாது."

அவர் ஒரு கணம் கண்ணாடியைக் கழற்றி இமைகளைத் தேய்த்துக்கொண்டார். அவ்வளவுதான் பார்த்தாள். திரை அணைந்தது. மறுபடி எரிந்தபோது, "தங்களுடன் பணியாற்றியதில் மகிழ்ச்சி" என்று ஒரு வரி இருந்தது. கடவுச்சொல் ஏற்கவில்லை. மூலையில் துணைவன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தான், அவளைச் சிவப்பாகக் காட்டிக்கொண்டு.

"என்னாலதானே?" என்றார் அப்பா.

"உங்களாலயும்தான்" என்றாள். ஒப்புக்கு "இல்லை" என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை, சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்கமாட்டார். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஜன்னலோரம் போனார். ஒரு லாரிக்காரன் வளைவில் திருப்ப முடியாமல் திணறிக்கொண்டிருந்தான். அப்பா அவனை ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் ரெட்டைக்காரி போன் செய்தாள். நன்றி சொல்லக் கூப்பிடுகிறாள் என்று டிகிரி நினைத்திருந்தால் அது அவள் முட்டாள்தனம்.

"ஏண்டி, உனக்கு அறிவு இருக்கா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்க மாமியாரைக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருப்பேனே! ஊரைக் கூட்டிச் சொன்ன பாரு!"

"உன்னை அனுப்பறாங்களா?"

"இல்ல. கோடெல்லாம் அழிச்சுட்டாங்க. புதுசா அளக்கப் போறாங்களாம். வேலை இருக்கு." மூச்சு வாங்கினாள். "ஆனா நாளையிலேருந்து வேலை நேரம் முழுக்கக் கேமராவைப் போட்டு வைக்கணுமாம். எல்லாரும். முகம் தெரியணும், வேற ஆள் யாரும் தெரியக்கூடாது. எல்லாம் உன்னாலதான்னு குழுவுல திட்டிக்கிட்டு இருக்காங்க. நானும் ரெண்டு திட்டுத் திட்டினேன், சேர்ந்து திட்டலைன்னா சந்தேகப்படுவாங்க."

"திட்டு."

"பிள்ளைங்களுக்கு எப்படிடி பால் குடுப்பேன்?"

"கேமராவுக்கு முன்னாடியே குடு. பார்க்கறவன் முகத்தைத் திருப்பிக்கட்டும்."

"வேலை போனவளுக்கு வாய் நீளும். எனக்கு நீளாது."

போனில் ரெட்டைக்காரியின் மூச்சு மட்டும் கேட்டது. அழுகையை அடக்குகிறாளா, பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிறாளா என்று டிகிரிக்குத் தெரியவில்லை. பிறகு ரெட்டைக்காரி, "வீடியோவுல வா. எங்க உக்காந்தா என்ன தெரியுதுன்னு பார்த்துச் சொல்லு" என்றாள்.

அப்போதுதான் முதன்முதலாக இருவரும் முகம் பார்த்துக்கொண்டார்கள். டிகிரி நினைத்ததைவிட அவள் சின்னப் பெண்ணாக இருந்தாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பின்னால் காயப்போட்ட துணிகள் தெரிந்தன. கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒரு குட்டிக் கால் திரைக்குள் வந்து உதைத்தது. அலமாரி ஓரத்தில், மேசையைத் திருப்பிப் போட்டு, போனை டப்பாவின் மேல் சாய்த்துவைத்து என்று எல்லா மூலையும் பார்த்தார்கள். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்றாள் டிகிரி. "இல்ல, தொட்டில் கயிறு தெரியுது." அந்த வீட்டில் குழந்தைகள் தெரியாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, குளியலறைக் கதவுக்கும் சுவருக்கும் நடுவே. ரெட்டைக்காரி ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே ஒடுங்கி உட்கார்ந்தாள். ஒரு கையை மடியில் வைத்தால் திரையில் தெரியவில்லை. பிள்ளையை வைத்துப் பார்த்தாள். அதுவும் தெரியவில்லை, அசையாமல் இருக்கிற வரைக்கும்.

"அங்க வெளிச்சமே இல்லையே" என்றாள் டிகிரி.

"முகம் தெரியுதா?"

"தெரியுது."

"அவங்க கேட்டது அவ்வளவுதானே" என்றாள் அவள், முக்காலியைச் சுவரோடு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டே.